30 நாளில் அழியும் திருத்தங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஏஐ கொண்டு நிரல் எழுதுவதைப் பற்றித் தமிழ் நாளிதழ்களில் வரும் கட்டுரைகள் பெரும்பாலும் வேலை போகுமா, நிலைக்குமா என்ற கேள்வியோடு நின்றுவிடுகின்றன. அந்தக் கருவிகளை ஏற்கெனவே தினமும் பயன்படுத்துகிறவர்கள் தங்களை அறியாமல் இழந்துகொண்டிருக்கும் ஒன்றைப் பற்றி இந்தக் கடிதம்.

கிளாட் கோட், கோடெக்ஸ் போன்ற, நாம் சொல்வதைக் கேட்டுத் தானே நிரல் எழுதி ஓட்டும் ஏஐ ஏஜென்ட் ஒன்றோடு வேலைக்கு உட்கார்ந்தால் இரண்டு மூன்று மணி நேரம் ஓடிவிடும். அதற்குள் 'இந்தக் கோப்பைத் தொடாதே', 'முதலில் எழுத்துருவைப் பார்', 'அந்த எண்ணிக்கை தவறு' என்று பத்துப் பதினைந்து தடவை திருத்தியிருப்போம். வேலை முடிந்ததும் நிரல், அதன் மாற்றங்களைச் சேமித்துவைக்கும் 'கிட்' அமைப்பில் பத்திரமாகச் சேர்கிறது. திருத்தங்கள் எங்கும் சேர்வதில்லை. அடுத்த மாதம் அதே மாதிரி வேலை வரும்போது ஏஜென்ட் அதே தவறுகளைச் செய்கிறது, நாமும் அதே வாக்கியங்களை மறுபடி தட்டச்சு செய்கிறோம்.

இத்தனைக்கும் அந்த உரையாடல் முழுவதும் கணினியிலேயே இருக்கிறது. கிளாட் கோட் ஒவ்வோர் அமர்வையும் நம் வீட்டுக் கோப்புறைக்குள் '.கிளாட்' என்ற மறைகோப்புறையில், 'ப்ராஜெக்ட்ஸ்' என்பதன் கீழ், வரிக்கு ஒரு ஜேசன் (தரவை உரையாக எழுதும் வடிவம்) பதிவாக எழுதி வைக்கிறது. கோடெக்ஸ் '.கோடெக்ஸ்' கோப்புறையின் 'செஷன்ஸ்' பகுதியில் ஆண்டு, மாதம், நாள் என்று பிரித்து வைக்கிறது. கிளாட் கோடின் இயல்பு அமைப்பில் 30 நாளுக்கு மேல் பழைய பதிவுகள் தாமாக அழிந்துவிடும். அமைப்புக் கோப்பில் அந்த நாள் எண்ணிக்கையைக் கூட்டிக்கொள்ளலாம். இது தெரியாமல் ஆறு மாதம் கழித்துத் தேடினால் ஒன்றும் கிடைக்காது. எனவே முதல் வேலை அந்த எண்ணை மாற்றுவது.

அந்தப் பதிவுகளிலிருந்து எடுத்ததை எங்கே வைப்பது? 2025 அக்டோபரில் ஆந்த்ரோபிக் நிறுவனம் 'ஏஜென்ட் ஸ்கில்ஸ்' என்ற அமைப்பை அறிவித்தது. டிசம்பரில் அதைத் திறந்த தரமாக வெளியிட்டது. இன்று கோடெக்ஸ் உட்படப் பிற கருவிகளும் அதை ஏற்கின்றன. ஒரு ஸ்கில் என்பது வெறும் கோப்புறைதான். உள்ளே 'ஸ்கில்.எம்டி' என்ற ஓர் உரைக் கோப்பு கட்டாயம். தேவைப்பட்டால் ஸ்கிரிப்டுகளும் குறிப்புக் கோப்புகளும் உடன் இருக்கலாம். ஸ்கில்.எம்டியின் தலைப்பகுதியில் இரண்டு புலங்கள் வேண்டும். ஒன்று 64 குறிகளுக்குள் ஆங்கிலச் சிற்றெழுத்து, எண், இடைக்கோடு மட்டும் கொண்ட பெயர். மற்றது 1,024 குறிகளுக்குள் ஒரு விவரிப்பு. ஏஜென்ட் தொடங்கும்போது இந்த இரண்டை மட்டும் படிக்கிறது. ஒரு ஸ்கில்லுக்குச் சுமார் 100 டோக்கன் (ஏஐ உரையைப் பிரித்துப் படிக்கும் சிறு துண்டு) செலவாகும். கையில் உள்ள வேலை அந்த விவரிப்போடு பொருந்தினால்தான் முழுக் கோப்பையும் திறக்கும். உடனிருக்கும் ஸ்கிரிப்டை ஓட்டும்போது அதன் நிரல் ஏஜென்டின் நினைவிடத்தை, அதாவது அது ஒரே நேரத்தில் மனத்தில் வைத்திருக்கக்கூடிய உரையின் இடத்தை, அடைப்பதில்லை, விடை மட்டுமே உள்ளே வரும்.

கற்றதைத் திறன்களாகச் சேமிக்கும் எண்ணம் புதிதல்ல. 2023இல் வந்த 'வாயேஜர்' ஆய்வில், மைன்கிராஃப்ட் விளையாட்டில் ஏஜென்ட் செய்து முடித்த ஒவ்வொரு செயலையும் நிரலாகச் சேமித்து, பிறகு விவரிப்பைக் கொண்டு தேடி எடுத்துப் பயன்படுத்தியது. அங்கே செயல் வென்றதா தோற்றதா என்பதை விளையாட்டின் நிலையை வைத்தே சரிபார்க்க முடிந்தது. அலுவலக வேலையில் அந்தத் தீர்ப்பு மனிதர் வாயிலிருந்து வருகிறது. அதனால்தான் திருத்தங்கள் இவ்வளவு முக்கியம் என்கிறோம்.

தமிழுக்கே உரிய ஓர் எடுத்துக்காட்டை எடுத்துக்கொள்வோம். அச்சகங்களிலும் பதிப்பகங்களிலும் பத்திரிகை அலுவலகங்களிலும் யுனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த பழைய கோப்புகள் குவிந்து கிடக்கின்றன. அவற்றை யுனிகோடுக்கு மாற்றும் வேலையை ஏஜென்டிடம் கொடுத்தால் அது எங்கெங்கே இடறும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடலாம்.

அத்தகைய பழைய எழுத்துருக்களில் ஒன்றான பாமினியில் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்ற ஐந்து குறிகள்தான் திரையில் 'தமிழ்' என்று தெரிகின்றன. என், எஃப், எச் என்ற மூன்றும் சேர்ந்தால் 'கொ'. கொம்பு முதலில், ககரம் நடுவில், கால் கடைசியில் என்று கண்ணுக்குத் தெரியும் வரிசையில் அவை இருக்கின்றன. யுனிகோடில் ககரம்தான் முதலில் வர வேண்டும். ஏஜென்ட் எழுதும் முதல் ஸ்கிரிப்ட் பெரும்பாலும் ஒற்றைக் குறிகளை ஒவ்வொன்றாக மாற்றும். கொம்பு முன் எழுத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். மூன்று குறிச் சேர்க்கை முதலில், இரண்டு பிறகு, ஒன்று கடைசியில் என்ற வரிசையை நாம் சொல்ல வேண்டியிருக்கும். இது முதல் திருத்தம்.

இரண்டாவது இதைவிடக் கெடுதலானது. ஏஜென்ட் வேர்டு கோப்பிலிருந்து வெறும் உரையைப் பிரித்தெடுத்துக்கொண்டு மாற்றத் தொடங்கும். பாமினி ஆங்கில எழுத்துகளின் இடத்திலேயே தமிழ் வடிவங்களை வைத்திருப்பதால், கோப்பில் உண்மையாகவே ஆங்கிலத்தில் இருந்த பெயர்களும் மின்னஞ்சல் முகவரிகளும் பொருளற்ற தமிழாகிவிடும். எது தமிழ், எது ஆங்கிலம் என்பதற்கு எழுத்துருத் தகவல் ஒன்றே சாட்சி. உரையை உரித்தெடுத்த கணமே அந்தச் சாட்சி போய்விட்டது. எனவே வேர்டு கோப்பின் துண்டு துண்டான பகுதிகளை எழுத்துருவோடு சேர்த்துப் படிக்க வேண்டும். அதிலும் ஒரு பொறி உண்டு. பைதானின் 'பைதான்-டாக்ஸ்' நூலகத்தில் ஒரு துண்டின் எழுத்துரு பாணியிலிருந்து மரபாக வந்திருந்தால் விடை வெற்றாக வரும். வெற்று என்றால் ஆங்கிலம் என்று ஏஜென்ட் முடிவு செய்துவிடும். மேலே உள்ள பாணிவரை ஏறிப் பார்க்கச் சொல்ல வேண்டும். டிஸ்கி என்ற மற்றொரு பழைய குறியாக்கத்தில் இந்தத் தொல்லை இல்லை. அது தமிழை 128 முதலான இடங்களில் வைத்து ஆங்கிலத்தை அப்படியே விட்டுவிடுகிறது. ஆகவே இரண்டுக்கும் ஒரே வழி எழுதக் கூடாது.

மூன்றாவது, மாற்றி முடித்த பிறகு. 'கொ' என்பதை யுனிகோடில் இரண்டு வகையாக எழுத முடியும்: ககரத்தோடு ஒகரக் குறி ஒன்று, அல்லது ககரத்தோடு கொம்பும் காலும் தனித்தனியாக. பார்வைக்கு வேறுபாடே இல்லை, தேடினால் ஒன்று மற்றொன்றுக்குக் கிடைக்காது. இரு வகையையும் ஒரே வடிவாக்கும் யுனிகோடின் 'என்எஃப்சி' இயல்பாக்கம் இதைச் சரிசெய்துவிடும். ஆனால் 'ஸ்ரீ'யை அது சரிசெய்யாது. ஸகரத்தில் தொடங்குவது ஒன்று, 2005இல் யுனிகோடில் சேர்ந்த ஶகரத்தில் தொடங்குவது மற்றொன்று. பெரும்பாலான எழுத்துருக்களில் இரண்டும் ஒரே உருவம்தான். எந்த வடிவம் என்று நாமே முடிவுசெய்து ஒன்றாக்க வேண்டும்.

ஔகாரம்தான் மிகவும் சிக்கலானது. பழைய கோப்புகளில் கௌரவம், மௌனம், பௌர்ணமி எல்லாம் கொம்பும் ளகரமுமாக, 'கெளரவம்', 'மெளனம்' என்று வரும். இயல்பாக்கம் இதைத் தொடாது. கொம்பு போட்ட எழுத்தை அடுத்து ளகரம் வந்தால் எல்லாவற்றையும் ஔகாரமாக்கு என்று ஏஜென்ட் விதி எழுதினால் 'வெளி', 'தெளிவு', 'வெள்ளை' எல்லாம் சிதையும். ளகரத்துக்குப் பின் உயிர்க்குறியோ புள்ளியோ இருந்தால் விட்டுவிடு என்று திருத்தினால் அவை தப்பும். அப்போதும் சிறுகதை உரையாடல்களில் வரும் 'கெளம்பிட்டான்' என்பது 'கௌம்பிட்டான்' ஆகும். இந்த இடத்தில் விதியை மேலும் மேலும் நீட்டாமல், சந்தேகச் சொற்களைப் பட்டியலாக எடுத்து மனிதர் கண்ணுக்குக் கொடுப்பதே சரியான வழி. ஸ்கில்லில் எழுத வேண்டியது இந்தத் தீர்ப்பையும் அதன் காரணத்தையும்தான். 'கெளம்பு' என்ற ஒரு சொல்லைக் காரணமாகக் காட்டிவிட்டால், புதிதாக வரும் பேச்சு வழக்குச் சொல்லிலும் ஏஜென்ட் நின்று யோசிக்கும். 'தானாகத் திருத்தாதே' என்று மட்டும் எழுதினால் எங்கே பொருந்தும், எங்கே பொருந்தாது என்று அதற்குப் புரியாது.

இப்படிப்பட்டவற்றைப் பழைய பதிவிலிருந்து தோண்டி எடுப்பது எப்படி என்பதற்கு வருவோம். அமர்வு முடிகிற நேரத்தில் ஏஜென்டையே 'இன்று கற்றதைத் தொகுத்துச் சொல்' என்று கேட்பது எளிது, ஆனால் போதாது. நீண்ட அமர்வில் நினைவிடம் நிரம்பும்போது முற்பகுதி உரையாடல் சுருக்கமாக மாற்றப்பட்டுவிடும். காலையில் சொன்ன திருத்தம் அந்தச் சுருக்கத்தில் தப்பிப் பிழைத்திருக்கும் என்று உறுதியில்லை. பதிவுக் கோப்பில் அது அப்படியே இருக்கும். அதையே படிக்க வேண்டும்.

ஆனால் கோப்பை முழுதாக ஏஜென்டிடம் ஊட்டக் கூடாது. அதில் பெரும்பகுதி கட்டளைகள் கக்கிய விடைகளும் திறந்த கோப்புகளின் உள்ளடக்கமும்தான். முதலில் ஒரு சிறு ஸ்கிரிப்டால் மனிதர் எழுதிய செய்திகளையும், பிழையில் முடிந்த கட்டளைகளையும், அவற்றுக்கு அடுத்து வெற்றி பெற்ற கட்டளையையும் மட்டும் பிரித்தெடுங்கள். கிளாட் கோட் பதிவில் கருவிகளின் விடைகளும் 'பயனர்' என்ற பெயரிலேயே பதிவாகின்றன. பயனர் வரிகளை மட்டும் வடிகட்டினேன் என்று நினைத்தால் பக்கம் பக்கமாகக் கோப்புக் கொட்டல்கள்தான் வந்து விழும். உள்ளடக்கத்தின் வகை கருவி விடையா, உரையா என்று பார்த்து ஒதுக்க வேண்டும்.

பிரித்ததை ஒரு மனிதர் உட்கார்ந்து படிக்க வேண்டும். இதற்குக் குறுக்கு வழி இல்லை. தேட வேண்டியவை: நாம் நிறுத்திய இடம், ஒரே கட்டளை இரண்டு மூன்று முறை தோற்று ஏதோ ஒரு மாற்றத்துக்குப் பின் ஓடிய இடம், ஏஜென்ட் பத்து நிமிடம் தேடிக் கண்டுபிடித்த தகவல், கடைசியில் 'சரியாகிவிட்டது' என்று நம்மை நம்பவைத்த சோதனை. கடைசியாகச் சொன்னதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். சோதனை இல்லாத ஸ்கில் பாதி ஸ்கில்தான். எழுத்துரு மாற்றத்தில் அந்தச் சோதனை எளிது. சொல்லின் தொடக்கத்தில் உயிர்க்குறி, அடுத்தடுத்து இரண்டு உயிர்க்குறி, உயிர்க்குறிக்குப் பின் புள்ளி ஆகியவை தமிழில் வராதவை. விடையில் இவை எத்தனை என்று எண்ணினால், வழி தவறிய இடங்களில் பெரும்பாலானவை தெரிந்துவிடும்.

எல்லாத் திருத்தமும் ஸ்கில்லுக்குப் போக வேண்டியதில்லை. எந்த வேலைக்கும் எப்போதும் பொருந்தும் விதி, உதாரணமாகக் கிட்டில் நிரலின் எந்தக் கிளையில் (தனிப் பிரதியில்) எழுத வேண்டும் என்பது, திட்டத்தின் பொதுக் குறிப்புக் கோப்பில் இருக்கட்டும். ஒரு வரி பிசகாமல் ஒரே மாதிரி நடக்க வேண்டியது ஸ்கிரிப்டாகட்டும். பாமினி எழுத்து அட்டவணையை ஏஜென்ட் ஒவ்வொரு முறையும் நினைவிலிருந்து எழுதினால் ஏதாவது ஒரு வரிசை தவறும், அதைத் தரவுக் கோப்பாக வைத்துவிட வேண்டும். குறிப்பிட்ட வேலை வரும்போது மட்டும் தேவைப்படும் தீர்ப்புகள்தான் ஸ்கில். ஒரே ஓர் அமர்வில் வந்த திருத்தத்தை நாங்கள் ஸ்கில்லாக்கப் பரிந்துரைக்க மாட்டோம். அது அந்தக் கோப்பின் கோளாறாக இருக்கலாம். இரண்டு மூன்று அமர்வுகளில் திரும்பி வந்தால் எழுதலாம்.

முதல் வரைவை ஏஜென்டையே எழுதவைக்கலாம். ஆனால் புதிய அமர்வில், பிரித்தெடுத்த பகுதியை மட்டும் கொடுத்து. ஒவ்வொரு விதிக்கும் பதிவின் எந்த வரி ஆதாரம் என்று எழுதச் சொல்லுங்கள். ஆதாரம் காட்ட முடியாத விதிகள் அதன் கற்பனை, அடித்துவிடுங்கள். 'நிரலைத் தெளிவாக எழுது', 'பிழைகளைக் கவனமாகக் கையாள்' போன்ற வரிகளும் வேண்டாம். அவை ஏஜென்டுக்கு ஏற்கெனவே தெரியும், இடத்தை அடைப்பதைத் தவிர ஒன்றும் செய்யா. ஸ்கில்.எம்டி 500 வரிக்குள் இருக்க வேண்டும் என்பது பொதுப் பரிந்துரை. 100 வரிக்குள் முடிந்தால் இன்னும் நல்லது. நீண்ட குறிப்புகளைத் தனிக் கோப்பில் வைத்து, ஸ்கில்.எம்டியிலிருந்து நேராகச் சுட்டுங்கள். குறிப்பிலிருந்து இன்னொரு குறிப்பு, அதிலிருந்து மற்றொன்று என்று போனால் ஏஜென்ட் பாதியைப் படித்துவிட்டு நின்றுவிடக்கூடும்.

விவரிப்பு வரிக்கு மற்ற எல்லாவற்றையும்விட அதிக நேரம் கொடுங்கள். 'தமிழ் உரைக்கு உதவும்' என்று எழுதினால் தமிழில் ஒரு மின்னஞ்சல் எழுதச் சொன்னாலும் ஸ்கில் திறந்துகொள்ளலாம். எழுத்துரு மாற்றச் சொன்னால் திறக்காமலும் போகலாம். வேலை தருபவர் வாயில் வரும் சொற்கள் அங்கே இருக்க வேண்டும்: பாமினி, டிஸ்கி, டேப், டேம், பழைய எழுத்துரு, பேஜ்மேக்கர் கோப்பு, 'ஆங்கில எழுத்தாகத் தெரிகிறது'. எப்போது பயன்படுத்தக் கூடாது என்பதையும் ஒரு வாக்கியத்தில் சொல்லலாம். விவரிப்புக்குள் முக்காற்புள்ளியும் இடைவெளியும் மேற்கோள் குறியின்றி வந்தால் தலைப்பகுதி படிக்கப்படாமல், ஸ்கில் வேலை செய்யாமல் போகும். ஏன் இயங்கவில்லை என்று மணிக்கணக்கில் தேடவைக்கும் பிழை இது. தலைப்பகுதி கோப்பின் முதல் வரியிலேயே தொடங்குவதும் அவசியம். ஸ்கில்லைத் தமிழிலும் எழுதலாம். பெரும்பாலான மொழி மாதிரிகளில் தமிழுக்கு ஆங்கிலத்தைவிட டோக்கன் கூடுதலாகச் செலவாகும் என்பதால், உடற்பகுதியை எளிய ஆங்கிலத்திலும் எடுத்துக்காட்டுகளைத் தமிழிலும் வைப்பது நடைமுறைக்கு ஏற்றது.

எழுதியதும் அதே அமர்வில் சோதித்தால் அது சோதனை ஆகாது. விடைகள் எல்லாம் மேலேயே கிடக்கின்றன. புதிய அமர்வில், ஸ்கில் இல்லாமல் ஒரு முறை, ஸ்கில்லோடு ஒரு முறை அதே வேலையைக் கொடுங்கள். ஸ்கில் இல்லாமலே சரியாகச் செய்தால் அந்த ஸ்கில் தேவையில்லை. கையால் திருத்திய 20 வரி மாதிரி ஒன்று போதும், அதில் கொ, கௌ, கெள, ஸ்ரீ, க்ஷ, ஆங்கிலச் சொல், எண் எல்லாம் இருந்தால். அதோடு ஸ்கில் திறக்க வேண்டிய பத்து வேண்டுகோள்களும், தோற்றத்தில் ஒத்திருந்தும் திறக்கக் கூடாத பத்து வேண்டுகோள்களும் தயாரித்து ஓட்டிப் பாருங்கள். எண்ணிக்கையைச் சரிபார்க்கும் ஸ்கிரிப்டுகளையும் நம்பிவிடக் கூடாது. பைதானில் 'தமிழ்' என்ற சொல்லின் நீளம் 5 என்றே வரும், எழுத்து மூன்றுதான். அதன் இயல்பு ஒழுங்குகோவை (ரெகுலர் எக்ஸ்பிரஷன், உரையில் வடிவங்களைத் தேடும் முறை) நூலகத்தில் சொல்லெழுத்துகளைத் தேடும் குறியீடு உயிர்க்குறியையும் புள்ளியையும் சொல்லின் பகுதியாகக் கொள்வதில்லை; 'தமிழ்' என்பது 'தம', 'ழ' என்று இரண்டாக உடையும். சொற்களை எண்ணிச் சரிபார்த்துவிட்டேன் என்று ஏஜென்ட் சொல்லும்போது எதைக் கொண்டு எண்ணியது என்று பாருங்கள்.

இனி ஆபத்துகள். பதிவுகளில் கடவுச்சொற்கள், ஏபிஐ சாவிகள், சோதனைக்காக எடுத்த வாடிக்கையாளர் பெயர், தொலைபேசி எண் எல்லாம் இருக்கும். கடவுச்சொற்களும் சாவிகளும் வைக்கப்படும் சூழல் கோப்பை ஏஜென்ட் ஒரு முறை திறந்திருந்தால் போதும். ஸ்கில்லை வெளியே கொடுப்பதற்கு முன் மட்டுமல்ல, பதிவை இன்னொரு கருவிக்குக் கொடுப்பதற்கு முன்பே இவற்றைத் தேடி நீக்க வேண்டும். பிற நிறுவனத்துக்காகச் செய்த வேலை என்றால் ஒப்பந்தத்தையும் பாருங்கள்; 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் நினைவில் இருக்கட்டும்.

அதைவிட நுட்பமானது ஒன்று. அமர்வின்போது ஏஜென்ட் ஏதோ ஒரு வலைப்பக்கத்தைப் படித்திருக்கலாம். அதில் ஏஜென்டுகளை ஏமாற்ற யாரோ ஒளித்துவைத்த கட்டளை இருந்தால், தொகுக்கும்போது அது 'விதி' என்ற உருவில் ஸ்கில்லுக்குள் நுழையும். ஒரு நாள் ஆபத்து நிரந்தர ஆபத்தாகிவிடும். வரிக்கு வரி ஆதாரம் கேட்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்: ஆதாரம் மனிதர் சொன்னதிலோ கட்டளை ஓடிய விடையிலோ இருக்க வேண்டும், படித்த பக்கத்தில் அல்ல. பிறர் தரும் ஸ்கில்லை நிறுவுவதும் முன்பின் தெரியாத மென்பொருளை நிறுவுவதற்குச் சமம். உள்ளே இருக்கும் ஸ்கிரிப்டுகளைப் படிக்காமல் ஓட்டாதீர்கள்.

ஸ்கில்கள் பழசாகும் என்பதையும் சொல்ல வேண்டும். எந்த நூலகத்தின் எந்தப் பதிப்பில், எந்த நாளில் சோதித்தது என்று கோப்பின் அடியில் ஒரு வரி எழுதிவையுங்கள். 'வீட்டுக் கணினியின் இந்தக் கோப்புறை' என்று நிலையான பாதைகள் இருந்தால் அடுத்தவர் கணினியில் முதல் அடியிலேயே விழும். எண்ணிக்கையும் பெருகக் கூடாது. 100 ஸ்கில் வைத்திருந்தால் எந்த வேலையும் தொடங்கும் முன்பே சுமார் 10,000 டோக்கன் போய்விடும். ஒத்த விவரிப்புகள் ஒன்றோடொன்று மோதித் தவறான ஸ்கில் திறக்கும். மாதம் ஒரு முறை உட்கார்ந்து, பயன்படாதவற்றை நீக்குங்கள், ஒத்தவற்றை இணையுங்கள்.

பழைய தமிழ்க் கோப்புகளை யுனிகோடுக்கு மாற்றும் பணி பல இடங்களில் தனித்தனியாக, ஒரே தவறுகளோடு நடக்கிறது. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் டிஸ்கியில் வெளியிட்ட நூல்களைப் பின்னர் யுனிகோடிலும் தந்தது. கட்டற்ற மென்பொருளான 'ஓபன்-தமிழ்' நூலகத்தில் பல பழைய குறியாக்கங்களுக்கான மாற்றிகள் ஏற்கெனவே உள்ளன. மாற்றும் நிரலுக்குப் பஞ்சமில்லை. எந்த இடத்தில் நிறுத்தி மனிதரைக் கேட்க வேண்டும் என்ற அறிவுதான் ஒவ்வோர் அலுவலகத்தின் அமர்வுப் பதிவிலும் அடைந்து கிடந்து 30 நாளில் அழிகிறது.

தங்கள் நாளிதழின் பழைய கோப்புகளை மாற்றும் பணியில் ஏஜென்ட் ஏதேனும் பயன்பட்டால், ஸ்கில் முழுவதையும் தர இயலாவிட்டாலும், அந்த 20 வரிச் சோதனைத் தாளையாவது பொதுவில் வெளியிட வேண்டுகிறோம். பழைய செய்திகளிலிருந்து எடுக்க வேண்டியதில்லை. 'கெளம்பு', 'மெளனம்', 'ஸ்ரீ' மூன்றும் இருக்குமாறு புதிதாக எழுதிய வாக்கியங்களே போதும். பாமினியில் ஒன்று, டிஸ்கியில் ஒன்று, சரியான யுனிகோடில் ஒன்று என மூன்று கோப்புகள்.

இப்படிக்கு,
தமிழ்த் தரவுப் பணியில் உள்ள நிரலாளர்கள்